வேர்ப்பொந்து

பதினெட்டு ஆண்டுகளாகக் கரடிப்பாறைப் பாதையில் வெளியூர்க்காரர்களை நடத்திச் சென்றவள் மணிமேகலை. சென்ற ஆண்டு மாசியில் பற்றிய காட்டுத்தீக்குப் பின் பாதை மூடப்பட்டது. அன்று முதல் கொடைக்கானல் விடுதி ஒன்றில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறாள். விடியுமுன் பேருந்து ஏறி, இருட்டிய பின் மேல்மலைக்குத் திரும்பும்போது இடுப்பு அவள் சொல் கேட்பதில்லை.

இந்தப் பங்குனியில், கோடைக்கு முன் பாதையைத் திறக்கலாமா என்று பார்க்க வனவர் குருநாதன் வந்தார். வழி தெரிந்தவள் என்று அவளையே துணைக்கு அழைத்தார். அவள் சரியென்றால் பாதை திறக்கும். பழைய வேலையும் திரும்பக் கிடைக்கும். புறப்படும்போதே கணவன் ராஜமுருகன் சொல்லிவிட்டான்.

"ஏ புள்ள, நீ பாட்டுக்கு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு நிக்காத. சரின்னு தலைய ஆட்டிட்டு வெரசா வா."

கருகிய மரங்களின் அடியில் முழங்கால் அளவுக்குப் பெரணிச் செடி தழைத்திருந்தது. குருநாதனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"பாத்தீங்களாக்கா! மலை பொழச்சுக்கிருச்சு."

"மேல பொழச்சுக்கிருச்சுங்க," என்று அவள் கையிலிருந்த கம்பை மண்ணில் ஊன்றினாள். அது முழங்கை ஆழம் உள்ளே இறங்கியது.

தீ அடிமரத்தோடு நிற்பதில்லை. வேர்வழியே மண்ணுக்குள் நாள்கணக்கில் கனன்று, வேர் இருந்த இடத்தைப் பொந்தாக்கிவிடும். மேலே மண் தோல்போல் நிற்கும். அதன்மேல் செடியும் தழைத்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

முதல் பொந்தைக் காட்டினாள், இரண்டாவதையும் காட்டினாள். மூன்றாவது பொந்து கம்புக்குத் தட்டுப்பட்டபோது ஏனோ வாய் திறக்கவில்லை. தான் மட்டும் விலகி நடந்தாள்.

பின்னால் வந்த குருநாதன் தொடைவரை உள்ளே போனார்.

தூக்கிவிட்டாள். முழங்கால் சிராய்த்து, காற்சட்டை முழுவதும் சாம்பல். அவர் சிரிக்கவே செய்தார்.

"எங்க மாமியா வீட்டுல கூட இப்படி இழுத்து உக்கார வச்சதில்லக்கா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பொந்து இருக்குன்னு எனக்குத் தெரியும்ங்க. சொல்லல."

அவர் சிரிப்பு நின்றது. "ஏங்க்கா?"

"தொவச்சுத் தொவச்சுக் கை விட்டுப்போச்சுங்க. பாதை தொறந்துட்டாப் போதும்னு இருந்துச்சு."

அவர் காற்சட்டைச் சாம்பலைத் தட்டினார். பிறகு, "சரி, கண்ட பொந்தையெல்லாம் கல்லுப் போட்டு மூடிருவோம். நீங்க முன்னால நடந்தா யாரும் விழமாட்டாங்க," என்றார்.

"நான் முன்னால நடப்பேன். பின்னால வர்ற பிள்ளைக சும்மாவா வரும்? ஓடுமுங்க."

"அப்ப என்னன்னு எழுத?"

"இன்னொரு மழைக்காலம் போகட்டும்னு எழுதுங்க. நிக்கிற மண்ணு அதுவா எறங்கிரும்."

"சீசன் போயிருமேக்கா."

"போகும்ங்க."

கம்பை அவரிடம் கொடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே பார்த்துப் பார்த்துக் காலை வைத்து முன்னே இறங்கினாள். சாலைக்கு வந்ததும் கைபேசியில் விடுதி மேலாளரை அழைத்தாள்.

"நாளைக்கு வேலைக்கு வந்துருவேனுங்க."

"இனிமே வரமாட்டீங்கன்னுல்ல நெனச்சோம்?" என்றார் அவர்.

"வாரேனுங்க," என்று சொல்லிவிட்டுச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள்.