மண்டபத்திலிருந்து வந்த மிக்சர்

சவுண்டு சர்வீஸ் கடையில் வேலை பார்த்த எவருக்கும் நான் சொல்வது புரியும்: வாடிக்கையாளர் பொருளை இறக்கிவைப்பதற்கு முன்பே தீர்ப்பை இறக்கிவைத்துவிடுவார். "ஒரு வயருதான் விட்டிருக்கும்" என்பார். அந்த ஒரு வயரைத் தேடி நாம் வாரக்கணக்கில் குப்புறக் கிடப்போம்.

நான் எம்.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் ராமநாதபுரத்தில் காதர் பாய் கடையில்தான். "படிச்ச புள்ளைக்கு எதுக்கும்மா இந்தப் புகை?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நீளமான பதில் ஒன்று உண்டு. கேட்டவர்கள் பாதியிலேயே பஸ் ஏறிவிடுவார்கள். கீழே வருவதெல்லாம் ஒரே ஒரு மிக்சரால் வந்தது. மேடையில் பத்துப் பேர் பாடி வாசித்தால், அத்தனை மைக்கிலிருந்தும் வருவதை அளவாகக் கலந்து ஸ்பீக்கர் பாக்ஸுக்கு அனுப்புகிற பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். ஈயம் பற்றவைக்கிற சால்டர் புகையில் கண் எரிந்தவர்களே, உங்களை நம்பித்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் நான் மிகைப்படுத்துவதாகச் சொல்வார்கள்.

மெத்தைக்குள் வந்தது

ஒருநாள் கடை வாசலில் குட்டி யானை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து நாலு பேர் ஒரு மெத்தையைத் தூக்க முடியாமல் தூக்கி இறக்கினார்கள். பிரித்தால் உள்ளே இருபத்துநாலு சேனல் அனலாக் மிக்சர். என் கட்டிலை விட நீளம். சென்னையில் மூடிப்போன ஏதோ ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் நான் பிறப்பதற்கு முன்பே கழித்துக்கட்டியது. வாங்கி வந்தவர் தவராசா அண்ணை. இலங்கையிலிருந்து வந்து மண்டபம் முகாமில் இருக்கிறார், இசைக்குழு நடத்துகிறார், வயது அறுபதுக்கு மேல். ஆனாலும் எல்லோருக்கும் அண்ணைதான். முகாம் வீட்டில் பாதி இடம் மிக்சருக்கு. மீதியில் அவரும், குழுவில் பாடுகிற மகள் யசோவும், கீபோர்டு வாசிக்கிற மருமகன் சுரேனும்.

சுரேன் முகாமிலேயே பிறந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் வரும். என்னைத் தள்ளிக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். "மதுரையில ஒருத்தர் கேக்குறாருமா. இதப் பிரிச்சு பார்ட்ஸா எடுத்துக்கிட்டு, பதிலுக்குப் புது டிஜிட்டல் மிக்சர் தாராராம். மடியில வச்சுக்கிட்டு பஸ்ல போகலாம். தேவிபட்டினம் பக்கம் ஒரு கோயில் பொங்கல் விழா ஒத்துக்கிட்டிருக்கோம். அதுல இது ஒழுங்கா ஓடுனா இருக்கட்டும். இல்லன்னா அன்னிக்கே அவருக்குச் சொல்லி அனுப்பிருவேன்." பிரிப்பதாம்! செங்கலுக்காக யாராவது குடியிருக்கிற வீட்டை இடிப்பார்களா என்று நான் ஆரம்பித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணை இதற்குள் மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் படுக்கிற மெத்தையையா இதற்குச் சுற்றினீர்கள் என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை, வாற வழியெல்லாம் கடற்காத்து. அது மிக்சரிலை பட்டால் உள்ளுக்கை போய்த் தின்னும். என்னிலை பட்டால் குளிச்சுப்போட்டு வரலாம்."

அடித்தகடு

திருகாணிகளைக் கழற்றி அடித்தகட்டை எடுத்தோம். திட்டுவதற்குத் தயாராக இருந்தேன். எனக்கு அது எப்போதும் தயாராக இருக்கும். ஆனால் வாயைத் திறந்தவள் திறந்தபடியே நின்றேன். ஆயிரக்கணக்கான வயர்கள், ஒன்றுகூட ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. எல்லாவற்றையும் மெழுகு தடவிய நூலால் கட்டுக்கட்டாகக் கட்டியிருந்தார்கள், பூக்காரம்மா விரலளந்து கட்டுவது மாதிரி, முடிச்சுக்கு முடிச்சு ஒரே இடைவெளி. வளைகிற இடத்தில் எல்லாம் சேர்ந்து வளைந்தன. ஒவ்வொரு சேனல் போர்டின் மூலையிலும் சோதித்துப் பார்த்தவர் பென்சிலால் ஒரு சின்ன டிக் போட்டிருந்தார். அந்தப் பென்சில் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. மூடினால் பிறகு யாருமே பார்க்கப்போவதில்லை. யாரும் பார்க்காத இடத்தில் எதற்கு இவ்வளவு அழகு? எங்கள் ஆய்வகத்தில் மதிப்பெண் போடுகிறவர் பார்க்கும் பக்கத்தை மட்டும் துடைத்துவைக்கிற கூட்டம் நாங்கள்.

காதர் பாயைக் கூப்பிட்டேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு கேட்டார்:

"ஏ புள்ள, இதச் செஞ்சவுகளுக்கு வீடு வாசலே கிடையாதா?"

கிரீஸ்

இனி திட்டலாம். சேனலுக்கு ஒன்றாக, ஒலியைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளுகிற கட்டை உண்டு. பேடர் என்போம். இருபத்துநாலும் நகர மறுத்தன. கழற்றினால் உள்ளே கரேலென்று கிரீஸ், அதுவும் போட் இஞ்சினுக்குப் போடுகிற கிரீஸ்! உப்புப் பிடிக்கக் கூடாதென்று அண்ணை தன் கையாலேயே பூசியது. உள்ளே கார்பன் பட்டை இருக்கிறது, அதன் மேல் மெல்லிய கம்பி ஓட வேண்டும், அங்கே கிரீஸைப் பூசினால் சேற்றில் சைக்கிள் விட்ட கதைதான் என்று மூச்சு விடாமல் பேசினேன். அண்ணை, "போட்டுக்குப் பூசலாம், இதுக்குப் பூசக்கூடாதோ?" என்றார். கூடாது என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பேடர் அத்தனையும் புதிதாகத் தருவித்து மாற்றினோம். பிறகு மின்சாரம் உள்ளே வருகிற கனெக்டர்களைப் பிடுங்கினேன். இந்தக் கடற்கரையில் அந்த இடம் எப்போதும் பச்சைக் களிம்பு பிடித்து, தொட்டால் உதிரும். இதில் ஒவ்வொரு ஊசியும் நேற்று வாங்கிய மாதிரி மின்னியது. காரணம், அங்கேயும் அதே கிரீஸ். நான் சத்தம் போடாமல் மூடப் பார்த்தேன். அண்ணை பார்த்துவிட்டார்.

"அப்ப பாதி வழக்கிலை நான் வெண்டிட்டன். மற்றப் பாதிக்கு நீர் தொடர்ந்து கத்தலாம், பிள்ளை."

உள்ளே யார்

வயதான கன்டென்சர்கள் எல்லாம் உள்ளே திரவம் வற்றிக் கிடந்தன, மாற்றினேன். இரைச்சல் எழாமலிருக்க எர்த் வயர்களை ஒரே முனைக்குக் கொண்டுவந்தேன். இதோடு நிறுத்தியிருந்தால் அது ரிப்பேர். எனக்கு அதற்கு மேலே கொண்டுபோக ஆசை. ஒலியைப் பெருக்குகிற பழைய ஐசிகளைப் பிடுங்கிவிட்டு, அவற்றைவிடப் பலமடங்கு வேகமான புதிய ஐசிகளை ஒரு சேனலில் பொருத்தினேன். காதர் பாய் வேண்டாமென்றார். பாடப்புத்தகத்தின் துணையோடு அவரை ஜெயித்தேன். ஸ்விட்சைப் போட்டதும், மைக்கே சொருகாத அந்த சேனலில், ஒலி அளவு மீறினால் மட்டும் எரிகிற சிவப்பு விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. பாக்ஸில் ஒரு சத்தமும் கிடையாது. ஐசி மட்டும் தொட முடியாத சூடு.

பிறகுதான் எனக்குப் புரிந்தது. வேகம் தாங்காமல் அந்த ஐசி தானாகவே கத்திக்கொண்டிருக்கிறது, மனிதக் காதுக்கு எட்டாத உச்சத்தில். மிளகளவு கன்டென்சர் ஒன்றை அதன் காலடியிலேயே பற்றவைத்ததும் விளக்கு அணைந்தது, சூடும் தணிந்தது. முதலில் இருந்தவர்கள் ஏன் நிதானமான ஐசியைப் போட்டார்கள் என்பதும், வேகத்தைக் கொடுத்தால் கூடவே கடிவாளமும் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. படகு வயர்லெஸ் செட்டை ரிப்பேருக்குக் கொண்டுவந்த மீனவர் ஒருவர் இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்றார். விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது அவர் கேட்டது இது:

"மைக்கு இல்ல, ஆளும் இல்ல. பெறகு உள்ள இருந்து யாரும்மா பேசுறா?"

மெக்கானிக் எங்கே

விழாக் கமிட்டித் தலைவர் மைக் செட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் இரண்டு போன். நான் மிக்சருக்குள் தலையை விட்டிருந்தேன். "மெக்கானிக் எங்கப்பா?" என்று கேட்டார். நிமிர்ந்தேன். என்னைத் தாண்டி, பின்னால் மாட்டியிருந்த காலண்டர் வரைக்கும் தேடினார். பெண்கள் வயர் பிடித்தால் கரண்ட் வேறு பக்கம் ஓடுமா என்று கேட்க நான் வாயெடுப்பதற்குள், காதர் பாய் தேநீர் கிளாசை நீட்டிக்கொண்டே அவரிடம் சொன்னார்:

"இந்தா நிக்கிதுல்ல, இதுதான். செட்டு சத்தம் போடாது, இது போடும். கொஞ்சம் தள்ளியே நில்லுங்க."

மூச்சு

எல்லாம் முடிந்து சோதனைக்கு யசோ அக்கா வந்தார். நான் முதலில் ஹெட்போனை மாட்டி, மைக்கைத் திறந்து, பேடரை மேலே தள்ளினேன். வழக்கமாக இந்த இடத்தில் "கொர்ர்ர்" என்று ஹம்மிங் எழும்பும். நம் காதெல்லாம் அதிலேயே வளர்ந்ததுதானே. ஒன்றும் எழும்பவில்லை. பிறகு அந்த ஒன்றுமில்லாததற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தது: மின்விசிறி, எதிர் டீக்கடையில் கரண்டி, ரயில்வே கேட் பக்கமிருந்து ஒரு ஆட்டோ. அவை கேட்டன என்பதைவிட, எது பக்கத்தில் எது தூரத்தில் என்று கைநீட்டித் தொடுகிற மாதிரி இருந்தது. ஒரு தெருவையே யாரோ துடைத்து என் காதுக்குள் அடுக்கிவைத்ததுபோல. கண்ணீர் வந்தது. புகை என்று சொல்லிவைத்தேன்.

ஹெட்போனை அக்காவுக்கு மாட்டினேன். இரண்டு வரி பாடினார், சட்டென்று நிறுத்தினார். மறுபடி பாடி, மறுபடி நிறுத்தினார். சின்ன வயதிலிருந்து மேடையில் பாடுகிறவர், தன் குரலை இரைச்சல் இல்லாமல் கேட்டதே இல்லை. என்னைப் பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பயத்தோடும் கோபத்தோடும் பார்த்தார்.

"நான் மூச்சு எடுக்கிறதெல்லாம் கேக்குது. இதைப் போய் ஊர்ச்சனத்துக்கும் கேக்க விடப் போறீரோ?"

பொங்கல் விழா

விழா ஊரில் கடல் கோயிலுக்குப் பின்னாலேயே இருந்தது, அலையில்லாத கடல். மாலையில் முளைப்பாரி எடுத்த பெண்கள் கும்மிக்குக் கூடிவிட்டார்கள். மேடையில் மைக்கெல்லாம் வைத்து, மிக்சரில் எல்லா பேடரையும் ஏற்றிவிட்டு நானும் அண்ணையும் நின்றோம். கமிட்டித் தலைவர் வந்து, முதல் வேலையாகப் பாக்ஸில் காதை ஒட்டவைத்தார். இந்தப் பக்கத்தில் செட்டு ஓடுகிறதா என்று பார்க்கும் முறை அதுதான்: கொர்ரென்றால் லைன் வந்துவிட்டது, இல்லையென்றால் இல்லை. ஒரு பாக்ஸ், அடுத்த பாக்ஸ், எல்லாவற்றிலும் காதை வைத்தார். நிமிர்ந்து, "செட்டு செத்துருச்சு" என்றார். போனை எடுத்து வேறொரு செட்டுக்காரரை வண்டியெடுத்து வரச்சொன்னார். எனக்கு வந்ததே ஆத்திரம்! இரைச்சல் இல்லாததுதான் ஐயா செட்டின் சிறப்பு என்று எர்த்திலிருந்து ஆரம்பித்து ஐசி வரைக்கும் பேசினேன். நான் பேசப் பேச, செட்டு செத்துவிட்டதென்று அவருக்கு இன்னும் உறுதியானது. சுரேன் மேடையில் தலைகுனிந்து தன் போனை எடுத்ததை நான் பார்த்தேன்.

அப்போது யசோ அக்காவின் குரல் வந்தது, ரகசியமாக, காதோடு காதாக. வந்தது எல்லா பாக்ஸிலும். கோயில், தெரு, வலை காயும் கரை, எங்கும். "மதுரைக்காரனுக்கு இப்ப போன் அடிக்காதேங்கோ. அப்பா பார்த்துக்கொண்டு நிக்கிறார். அவர் அங்கால போன பிறகு அடியுங்கோ." கும்மி வட்டம் அப்படியே நின்றது. சொல்லுக்கு நடுவே அவர் விழுங்கிய எச்சில்கூட ஊருக்குக் கேட்டது. மைக் ஓடுகிறதென்று மேடையில் இருந்த ரெண்டு பேருக்கும் தெரியாது. கொர்ரென்று சொல்லித்தர அங்கே ஒன்றுமில்லையே. நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் விரல் அந்த மைக்கின் பேடர் மேலேயே இருந்தது, இழுக்கவில்லை. பிறகு சுரேனின் குரல், அதுவும் எல்லா பாக்ஸிலும்: "அடிக்கல புள்ள. இப்பவும் இல்ல, அவர் போன பெறகும் இல்ல. இத யாருக்கும் குடுக்கல." அதற்குப் பிறகுதான் அண்ணை பேடரைக் கீழே இழுத்தார். முளைப்பாரிக் கூட்டத்திலிருந்து ஒரு பெண், "ஏலே மருமகனே, ஊரே கேட்டுருச்சு, இனிமே மாத்திப் பேச முடியாதுடோய்!" என்று கூவ, சிரிப்பில் கொட்டகையே ஆடியது. மேடையில் இருவரும் மைக்கைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

கமிட்டித் தலைவர் போனில் வண்டியைத் திரும்பிப் போகச் சொன்னார். பிறகு என் பக்கத்தில் வந்து, முதன்முறையாக என் முகத்தைப் பார்த்து, தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார்:

"எல்லாம் சரிதாம்மா. ஆனா கொஞ்சூண்டு இரைச்சல் போட்டு விடு, செட்டு ஓடுறது நாலு பேருக்குத் தெரியணும்ல?"

ஆக, நம் தொழிலில் உயிரைக் கொடுத்து நாம் உண்டாக்குவது ஒன்றுமில்லாத ஒன்றைத்தான், அதையும் பழுது என்று திருப்பிக் கொண்டுவருவார்கள், தயாராக இருங்கள்.