ஐந்து வகையும் ஒரு பாத்திரமும்

பம்பு செய்யும் அந்தப் பட்டறையில் நாற்பது பேருக்கு வேலை. அதில் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி கூட்டிப் பெருக்க வருகிறவள். இன்னொருத்தி இரும்பு கடையும் லேத்து ஓட்டுகிறவள். லேத்து ஓட்டுகிறவளுக்கு அங்கே மைக்ரான் என்று பெயர், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பம்புத் தண்டு ஒன்று தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பருமன் கூடியிருந்தாலும் ‘இது ஆகாது’ என்று எடுத்து ஒதுக்கிவிடுவாள். கேலியாக வைத்த பெயர்தான். பதினேழு வருஷத்தில் கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. பஸ் கண்டக்டரான அவள் புருஷன்கூடக் கோபம் வந்தால் ‘போடி மைக்ரான்’ என்பான். கோபம் இல்லாதபோதும் அப்படித்தான் கூப்பிடுவான்.

பட்டறையில் இவ்வளவு அளவு பார்க்கிறவள் வீட்டுச் சமையலறையில் ஒரு கரண்டிகூட அளக்கமாட்டாள். தலைக்கு ஒரு கை தானியம், அரைக் கை பயறு, இரண்டு கை காய். அவ்வளவுதான் அவள் சமையல். தானியம் என்றால் கோதுமை ரவையோ, அரிசியோ, உடைத்த சோளமோ, டப்பாவில் எது இருக்கிறதோ அது. பயறும் அப்படித்தான். காயை மட்டும் சந்தைதான் முடிவு செய்யும். எது குவிந்து கிடக்கிறதோ, எதை வியாபாரி கூவிக் கூவித் தள்ளிவிடப் பார்க்கிறானோ, அதுதான் அந்த வாரத்துக் காய். குளிரில் முட்டைக்கோசும் முள்ளங்கியும். வெயிலில் சுரைக்காயும் கத்தரிக்காயும். மழை விட்டதும் பூசணி. பருவம் தப்பி வந்த காய்க்கு விலையும் அதிகம், ருசியும் கிடையாது, அதைத் தேடி அலைகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை என்பது அவள் கட்சி.

காலை ஏழரைக்குப் பயறை ஊறப்போட்டுவிட்டுப் போவாள். சாயங்காலம் ஆறரைக்கு வந்து வெங்காயம், தக்காளி, இஞ்சி, உப்பு, மிளகு, பயறு, காய், தானியம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குக்கரில் கொட்டி மூடுவாள். அது சத்தம் போட்டு அடங்குவதற்குள் குளித்துவிட்டு வந்துவிடுவாள். ஏழேகாலுக்கு நாலு பேரும் சாப்பிட்டாகிவிடும். பிள்ளைகள் இரண்டும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? வயிறு நிறைந்தது, உடம்புக்கும் கெடுதல் இல்லை, அவளுக்கும் காலை நீட்டி உட்கார ஒரு மணி நேரம் மிஞ்சியது. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை.

சொல்வதற்கென்றே நாத்தனார் வந்து சேர்ந்தாள். புருஷனின் அக்கா. முழங்கால் வைத்தியத்துக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரிதான் நல்லது என்று ஒரு மாதம் தங்க வந்தவள். முதல் நாள் இரவு மேசையில் இருந்த ஒற்றைப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, “மத்ததெல்லாம் எங்க?” என்றாள்.

“மத்தது இல்ல அண்ணி. இதான்.”

“இதான்னா?”

“இதுக்குள்ளயே எல்லாம் இருக்கு.”

நாத்தனார் கரண்டியால் ஒருமுறை கிளறிப் பார்த்தாள். “ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கிறவனுக்கே மூணு கிண்ணம் வெக்கிறாங்க” என்றாள். சொல்லிவிட்டு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மறுநாளிலிருந்து சமையலறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீட்டில் ஐந்து வகைப் பதார்த்தம் இல்லாமல் எவனும் தட்டுக்கு முன்னால் உட்காரமாட்டான், என் கையால் முப்பத்தாறு வருஷம் அப்படித்தான் நடந்தது என்று தினமும் ஒரு பாட்டு. மைக்ரான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுக்கொண்டிருந்தாள். லேத்துச் சத்தத்தில் பதினேழு வருஷம் நின்ற காதுகள் அவை.

அப்போதுதான் பட்டறை ஃபோர்மேன் வேலையைவிட்டுப் போனார். முதலாளி மைக்ரானைக் கூப்பிட்டு, “நீ பாத்துக்கிறியாம்மா? காலைல ஏழு மணிக்கு வரணும், சாயங்காலம் ஏழு ஆகும். திங்கட்கிழமை பத்து மணிக்குள்ள சரின்னாலும் வேணாம்னாலும் எழுதிக் குடுத்துடு. நீ வேணாம்னா அடுத்தவனைக் கேக்கணும்” என்றார். அடுத்தவன் யார்? அவளிடம் மூன்று வருஷம் வேலை கற்றுக்கொண்டு, இன்னமும் அளவு பார்க்க அவளைத் தேடி வருகிறவன். அந்தப் பட்டறையில் ஒரு பெண் ஃபோர்மேன் ஆனதே கிடையாது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் சொன்னதும் நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“ஆறரைக்கு வர்றப்பவே ஒரு பாத்திரம். ஏழரைக்கு வந்தா அதுவும் இருக்காது. ஏன்டா, புள்ளைங்களுக்குப் பன்னு வாங்கிக் குடுப்பியா?”

தம்பிக்காரன் தலையைச் சொறிந்தான். அக்காவுக்கும் நோகக்கூடாது, பெண்டாட்டிக்கும் நோகக்கூடாது என்று இரண்டு பக்கமும் தலையாட்டியே பிழைத்தவன் அவன். “அக்கா சொல்றதும் யோசிக்க வேண்டியதாத்தான் இருக்கு” என்றான்.

“எனக்கென்ன, நான் தடுக்கல” என்றாள் நாத்தனார். “ஞாயித்துக்கிழமை எங்க வீட்லேருந்து என்னைப் பாக்க வர்றாங்க. பன்னெண்டு பேரு. நீயே சமை. நீ சமைக்கிற லட்சணத்தை நாலு பேர் சாப்பிட்டுப் பாக்கட்டும்.”

“சமைக்கிறேன். தெனமும் வெக்கிற மாதிரி ஒரே பாத்திரம்தான் வெப்பேன்.”

“வயிறார சாப்பிட்டு எழுந்தாங்கன்னா சரி” என்று கண்டக்டர் நடுவில் புகுந்தான். “நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். இல்லன்னா திங்கக்கிழமை வேணாம்னு எழுதிக் குடுத்துடு. சரியா?”

“சரி” என்றாள் மைக்ரான். கோபத்தில் சொன்னாள். எவனாவது சோற்றுப் பாத்திரத்தை வைத்து உத்தியோகத்தைப் பந்தயம் கட்டுவானா? ரோஷம் வந்துவிட்டால் அவளுக்கு நல்லது கெட்டது தெரியாது.

சனிக்கிழமை சந்தையில் மஞ்சள் பூசணி மலையாகக் கிடந்தது. பெரியதாக ஒன்றைத் தூக்கி வந்தாள். இரவே கொண்டைக்கடலையை ஊறப்போட்டாள். பதினேழு பேருக்குக் குக்கர் காணாது என்று பக்கத்து வீட்டில் பெரிய சட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். வெங்காயம் வதங்கியது. தக்காளியை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். பிறகு கடலை, உப்பு, தண்ணீர். கடலை வெந்ததும் பூசணியும் கோதுமை ரவையும் போட்டால் அரை மணியில் வேலை முடிந்தது. வாசல் நாற்காலியில் நாத்தனார் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தரைக்கு ஒரு கடலையை எடுத்து நசுக்கினாள். நசுங்கவில்லை. பதினொன்றுக்கும் நசுங்கவில்லை. இன்னும் தண்ணீர் ஊற்றினாள், தீயைக் கூட்டினாள். பதினொன்றரைக்கு ஒன்றைக் கடித்தாள். பல்லுக்குள் கல்லைப் போல நின்றது. பருப்பு வேகாது என்று ஊரில் பேச்சுக்குச் சொல்வார்கள். அன்று அது பேச்சாக இல்லை, சட்டி நிறையக் கொதித்துக்கொண்டிருந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த அரை மணியில் பன்னிரண்டு பேரும் வந்து முன்னறையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

குக்கரிலேயே சமைத்துப் பழகியவளுக்குத்தான் இந்தத் தப்பு வரும். மூடிய குக்கருக்குள் எதை எதோடு போட்டாலும் சூடு அடித்து வேகவைத்துவிடும். திறந்த சட்டிக்கு அந்தத் தயவு கிடையாது. புளிப்பை முதலில் காட்டிவிட்டால் கடலை தோலை இறுக்கிக்கொள்ளும், பிறகு நாள் முழுக்கக் கொதித்தாலும் லேசில் இளகாது. பதினேழு வருஷம் இரும்பைச் செதுக்கியவளுக்குத் தக்காளியின் குணம் தெரியவில்லை.

பன்னிரண்டேகாலுக்குக் கரண்டியோடு முன்னறைக்கு வந்தாள். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“கடலை வேகல” என்றாள். “தப்பு என்னோடது. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். பசிக்கிறவங்களுக்கு வாழைப்பழம் இருக்கு.”

நாத்தனாரின் புருஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ மூக்கால் சிரித்தார்கள். கண்டக்டர் எழுந்து அவள் பக்கத்தில் வந்து மெதுவாக, “அப்போ திங்கக்கிழமை எழுதிக் குடுத்துடுறியா?” என்றான்.

மெதுவாகக் கேட்டவனுக்கு அவள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பதில் சொன்னாள்.

“குடுக்க மாட்டேன். பந்தயத்துல தோத்துட்டேன், ஒத்துக்கிறேன். அப்படி ஒரு பந்தயத்துக்குத் தலையாட்டினதே என் மடத்தனம், அதையும் ஒத்துக்கிறேன். ஆனா எழுதிக் குடுக்க மாட்டேன். பட்டறையில ஒரு ஆம்பளை ஒரு தண்டைக் கெடுத்தா அதைத் தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு வெட்டுவான். வீட்டுக்குப் போய் உக்காருன்னு அவன்கிட்ட யாரும் சொல்றதில்ல. நான் ஒரு சட்டி கடலையைக் கெடுத்ததுக்கு என் வேலையை ஏன் குடுக்கணும்? நீங்க தப்பான டிக்கெட் கிழிச்ச அன்னைக்கெல்லாம் நான் பஸ்ஸைவிட்டு எறங்கிடுங்கன்னு சொன்னேனா?”

அவள் உள்ளே போய்விட்டாள். வந்தது கோபமா, அவமானமா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டுமாகத்தான் இருக்கும்.

நாத்தனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்து கதவைச் சாத்தினாள். “சட்டியை எறக்கு” என்றாள். “கடலையை மட்டும் வடிச்சு எடு. நல்ல தண்ணியில ரெண்டு தரம் அலசு. குக்கர்ல கொள்ற வரைக்கும் போடு, மீதியை வேற பாத்திரத்துல வெய்யி. ரெண்டுலயும் ஒரு சிட்டிகை சோடா. தக்காளிச் சாறு அப்படியே இருக்கட்டும், கடைசியில ஊத்திக்கலாம்.”

மைக்ரான் செய்துகொண்டே திரும்பினாள். “உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“நீ தக்காளியை அள்ளுனப்பவே தெரியும். முப்பத்தாறு வருஷம் தெறந்த சட்டியில வேக வெச்சவ நான். சொல்லியிருக்கலாம். பாத்துக்கிட்டே வாயை மூடிக்கிட்டிருந்தேன்.”

“ஏன் அண்ணி?”

நாத்தனார் பூசணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தோல் சீவத் தொடங்கினாள்.

“எனக்கு இருபத்திரெண்டு வயசுல டெலிபோன் ஆபீஸ்ல வேலை கெடைச்சுது. ஆர்டர் கைக்கு வந்துடுச்சு. அஞ்சு வகை யாரு வெப்பான்னு எங்க வீட்ல கேட்டாங்க. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். அப்புறம் வெச்சேன், ஒரு நாள் தவறாம. உப்பு கம்மியா இருந்தா சொல்வாங்க. மத்த நாளெல்லாம் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

“அதுக்கு நானும் எழுதிக் குடுக்கணுமா?”

“நீயும் எழுதிக் குடுத்தாத்தான் நான் எழுதிக் குடுத்தது சரின்னு ஆகும். அப்படித்தான் நெனச்சேன்.” கத்தி நின்றது. “நீ அங்க போயி மாட்டேன்னு சொன்னியே, எனக்கு வயிறெல்லாம் எரிஞ்சுது. அந்த ஒரு வார்த்தை எனக்கு அப்ப வரல.”

மைக்ரானுக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. பாவம் வந்துவிட்டது என்பதற்காக ஆத்திரத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. “கண்ணு முன்னாடி என்னைக் குழியில விழ விட்டீங்க. அதை நான் மறக்கமாட்டேன்” என்றாள்.

“மறக்காத” என்றாள் நாத்தனார். “துண்டு கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும். பூசணி கரைஞ்சுடும்.”

ஒன்றே முக்காலுக்குச் சட்டி மேசைக்கு வந்தது. கடலை வெண்ணெயாக வெந்திருந்தது. ரவையும் பூசணியும் தக்காளிச் சாற்றை இழுத்துக்கொண்டு தளதளவென்று இருந்தன. பசியில் எல்லாரும் தட்டை இழுத்துக்கொண்டார்கள். தட்டில் விழுந்ததைப் பார்த்துவிட்டு நாத்தனாரின் புருஷன்தான் சுற்றும் முற்றும் கண்ணை ஓட்டினார்.

“இவ்வளவுதானா? ஒரே ஒரு வகையா?”

மைக்ரான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். “ஒண்ணுதான். வேணும்னா எந்திரிச்சுப் போயி மீதி நாலையும் நீங்க செஞ்சுட்டு வாங்க. அடுப்பு அந்தப் பக்கம்தான் இருக்கு.”

அவர் கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் தட்டை மறுபடியும் நீட்டினார்.

நாத்தனார் அதில் ஒரு கரண்டி போட்டுவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினாள். “அவ நாளைக்குப் பத்து மணிக்குச் சரின்னு எழுதிக் குடுக்கப் போறா. உன்னை யாரும் கேக்கல. நீ காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பயறை ஊறப் போட்டுட்டுப் போ.”

“எவ்வளவு போடணும்?” என்று கேட்டான் கண்டக்டர்.

“தலைக்கு அரைக் கை” என்றாள் மைக்ரான். “உங்க கைக்கு இல்ல, என் கைக்கு.”