பதினாறு விதிகளும் தையல்நாயகியும்

தன் பெயரில் குடும்ப அட்டை. தன் பெயரில் எரிவாயு இணைப்பு. விட்டுப்போன கணவன் திரும்பிப் பார்க்காமலே மகள் மேனகாவுக்குப் பிளஸ் டூ. மூன்று பேர் போட்டிபோட்ட இடத்தில் கிடைத்த படிக்கட்டு துடைக்கும் வேலை. தங்கை தையல்நாயகி போராடிப் பெற்றவற்றை அண்ணன் இராமதாஸ் இப்படித்தான் வரிசை பிசகாமல் சொல்வார். எட்டாம் வகுப்போடு ஆலைக்குப் போனவர். அந்த எட்டு வகுப்பும், வீட்டு வேலையெல்லாம் தங்கை சுமந்ததால் கிடைத்தது என்பதை ஒருமுறையும் சொல்லாமல் விட்டதில்லை.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பைப் பெருக்கித் துடைப்பவள் அவள். எழுதப் படிக்கத் தெரியாது; எண்கள் மட்டும் காலண்டர் பார்த்துப் பழக்கம். ஆனால் உரிமையாளர் சங்கத்தின் பதினாறு வாடகை விதிகளும் மனப்பாடம். ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் கமலக்கண்ணன் அவற்றை உரக்கப் படிக்கும்போது, டீ கொடுத்தபடியே கேட்டுக்கொண்டது. புதிதாக யாராவது குடிவந்தால், சாமான் இறங்கும்போதே துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நிற்பாள்.

"பீரோவ லிஃப்ட்ல ஏத்தாதீங்கம்மா, நாலாவது ரூலு. மொட்ட மாடில கருவாடு காய வெக்கக் கூடாது, பதினொண்ணு. எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு, என்னா பண்றது!"

2006 மே மாதம், அவள் குடியிருந்த வீட்டை இடிக்கப் போவதாகவும் ஜூன் பதினைந்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆண் துணையில்லாத தாய்க்கும் வயதுவந்த மகளுக்கும் வீடு தர யாரும் முன்வரவில்லை. அவள் பெருக்கும் குடியிருப்பில் தரைத்தள வீட்டின் உரிமையாளர் நிர்மலாதேவி, பாரிசில் மகனோடு இருக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவர், அவளைக் கூப்பிட்டார்.

"நீயே குடி வந்துடு தையலு. உன்ன மாதிரி யாரு என் வீட்ட பாத்துப்பா?"

"மெர்சி மதாம்" என்று, அவரிடமே கற்ற பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

ஆனால் சங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜூன் நான்காம் தேதிக் கூட்டத்தில் மூன்றாம் மாடி வெற்றிவேல் எழுந்தார்.

"பெருக்கறவங்கள குடி வெச்சா அப்பார்ட்மெண்ட் மதிப்பு என்னாவறது?"

"அது எத்தனாவது ரூலு சார்?" என்றாள் டீத் தட்டோடு நின்ற தையல்நாயகி.

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். வெற்றிவேல் விடவில்லை. "நாளைக்கு மீட்டிங்ல எங்க பக்கத்துலயே வந்து உக்காருவ!"

"வாடகைக்கு இருக்கறவங்களுக்கு மீட்டிங் கெடையாது சார். ஒம்பது."

கமலக்கண்ணன் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். தடுக்கும் விதி எதுவும் இல்லை. குடிவருபவர் செயலாளர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும் என்ற ஐந்தாவது விதிதான் இருந்தது. வழக்கம்போல் அவள் கட்டைவிரலை நீட்டினாள்.

"கையெழுத்துன்னுதான இருக்கு? ரேகைன்னு இல்லியே" என்றார் வெற்றிவேல்.

கமலக்கண்ணன் ஏட்டை மூடினார். "அப்படித்தான் இருக்கு. ஆனா இன்னிக்கே போடணும்னு இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழம வரைக்கும் ஃபாரம் என் மேசையிலதான் இருக்கும்."

அந்த ஒரு வாக்கியத்துக்காக இராமதாஸ் இன்றும் அவரைத் தெருவில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார்.

"தையல்னு மட்டும் போடு, போதும்" என்றார் அன்றிரவு தங்கையிடம்.

"பாதிப் பேரோட நான் குடி போவ மாட்டேண்ணே."

அண்ணனிடமே ஒரு துண்டுச் சீட்டில் முழுப் பெயரை எழுதி வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த வாரம் முழுவதும், துடைக்கும் முன் ஒவ்வொரு படியிலும் ஈர விரலால் ஆறு எழுத்து. அலுவலகம் போகிறவர்கள் ஓரமாக இறங்கினார்கள். வெற்றிவேல்கூட, "வழுக்கி வுழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று முணுமுணுத்தபடியே, ஒரு எழுத்தையும் மிதிக்காமல் தாண்டிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேசைமுன் நின்றாள். ஆறு எழுத்துக்கும் நேரம் எடுத்தது. கமலக்கண்ணன் சங்க முத்திரையைக் கையில் பிடித்தபடி அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். முடிந்ததும், தேதியைத் தானே போட்டுவிடலாம் என்று கையை நீட்டினார்.

அவள் பேனாவைத் தரவில்லை. ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தன் பெயருக்கு நேர் கீழே எழுதினாள்: 11-6-2006.