தேவகி எழுதிய மூன்று வரி

சென்ற வாரம் வீட்டு வரி ரசீதில் பெயர் திருத்த, முன்பு நான் வேலை பார்த்த பேரூராட்சி அலுவலகம் போயிருந்தேன். புதுக் கட்டடம், கண்ணாடிக் கதவு, டோக்கன் வாங்கி உட்கார வேண்டும். உட்கார்ந்திருந்தபோது உள்ளே யாரோ இரும்பு பீரோவைத் திறந்தார்கள். பழைய காகிதமும் பாச்சை உருண்டையும் கலந்த வாசனை வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தது. உடனே வயிறு எரிந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன், இது இருபது வருடத்துப் பொறாமை, இன்னும் சூடு ஆறாதது.

உங்களிடம் சொல்வதற்கென்ன. உத்திரமேரூர்ப் பக்கம் இருக்கும் அந்தச் சிறிய பேரூராட்சியில் (ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்) நான் தற்காலிக எழுத்தராக இருந்தேன். மன்றக் கூட்டத்துக்குப் பொருள் எழுதுவது வேலை. இந்தத் தெருவுக்கு விளக்கு, அந்தத் தெருவுக்குக் கால்வாய் என்று கவுன்சிலர்கள் முன்னால் வைக்கும் குறிப்புக்குத்தான் பொருள் என்று பெயர். ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்’ என்று முடியும். அதை வைத்துத்தான் பொறியாளர் மதிப்பீடு போடுவார். மதிப்பீடு இருந்தால்தான் அந்த வருட பட்ஜெட்டில் இடம். குறிப்பு சொதப்பினால் ஒரு தெருவுக்கு ஒரு வருடம் போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வயதில் நான் வசன கவிதை எழுதிக்கொண்டிருந்தேன்.

எதிர் மேசையில் தேவகி. ஓரிக்கையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், நிரந்தர வேலை. எந்தத் தெருவைப் பற்றி எழுதச் சொன்னாலும் முதலில் போய் நடந்து பார்த்துவிட்டு வருவார். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்போடு, வாய்க்குள் எண்ணியபடி. தன் இரண்டு தப்படி ஒரு மீட்டர் என்று கண்டுவைத்திருந்தார். திரும்பி வந்து மூன்றே வரி எழுதுவார். அவை ஒருபோதும் திரும்பி வந்ததில்லை. என்னுடையவை திரும்பி வருவதற்கென்றே போகும். அவர் கையெழுத்துகூட கோழிக் கிறுக்கல்தான். அதுதான் இன்னும் எரியும். கூட்ட நாளில் எல்லோருக்கும் இரண்டு மெதுவடை. அவர் தட்டில் மூன்று இருக்கும். ஆமாம், எண்ணிப் பார்த்தேன்.

ஏரிக்கரை ஓரத்தில் இருளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. ஒன்பது வீடு. குழாய் கிடையாது. யாரோ ஒருவர் கழனியில் பம்புசெட் ஓடும் நேரம் பார்த்துக் குடத்தோடு ஓட வேண்டும். அங்கே குழாய் நீட்டுவதற்குப் பொருள் எழுதச் சொல்லிச் செயல் அலுவலர் என்னிடம் கொடுத்தார்.

“சார், நான் ஒரு தபா நடந்து பாத்துட்டு வந்துடட்டா? எப்டியும் டீ குடிக்க அந்தப் பக்கம்தான் போறேன்” என்றார் தேவகி.

“வேணாம் மேடம். எனக்கு அந்த எடம் நல்லாத் தெரியும்.”

தெரியாது. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான்.

‘ஏரியின் மடியில் பிறந்தும் தாகத்தின் பிள்ளைகளாய்’ என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதினேன். ஊராட்சி விதிகளைக் கல்லில் வெட்டிவைத்த ஊர்ப் பக்கத்தில் பிறந்தவன் என்ற திமிர் வேறு. (அந்தக் கல்வெட்டைப் பிற்பாடு ஒருவரைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். என்ன வயது, எவ்வளவு நிலம், யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது. அதில் ஓர் உவமை கூட இல்லை.)

கூட்டத்தில் வாசித்தேன். கவுன்சிலர் ஒருவர் வாயில் வடையோடு, “கண்ணுல தண்ணி வந்துட்ச்சி நைனா” என்றார்.

“கண்ணுல வந்துச்சி சரி, கொழாய்ல வருமா கேளு” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

ஒரே சிரிப்பு. பொருள் ஏகமனதாக நிறைவேறியது. தேவகி மட்டும் சிரிக்கவில்லை. பொறாமைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் பொறியாளரிடமிருந்து காகிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே கேள்வி: ‘எங்கிருந்து எதுவரை?’ அதற்குள் அந்த வருடப் பட்டியலை முடித்துவிட்டார்கள். குழாய்க்கான இடத்தில் வேறு தெருவின் சிமெண்ட் சாலை உட்கார்ந்துவிட்டது.

அந்த ஒன்பது வீட்டுக்காக, களையெடுக்கும் கூலியை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு நடப்பவர் கன்னியம்மா. நேராக என் மேசைக்கு வந்தார்.

“நீ எய்தனது சோக்கா கீதுன்னு அல்லாரும் சொல்றாங்கோ சார். தண்ணி எப்போ வரும்? அத்த சொல்லு.”

“அடுத்த வருஷம் பாக்கலாம்மா.”

“இன்னா சார் அடுத்த வருசம்? இந்த சித்திரைக்கு இன்னா பண்றது? உன் பேப்பரப் புழிஞ்சிக் குடிக்கறதா?”

நான் பேனா மூடியைத் தேடினேன். தேவகி எழுந்தார். “வாக்கா, நடந்துகினே பேசலாம்.” இருவரும் வெயிலில் இறங்கினார்கள். நானும் கூடப் போயிருக்கலாம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வாயசைத்து எண்ணிக்கொண்டு போக, இன்னொருவர் கையை வீசிப் பேசிக்கொண்டே போனார்.

‘கடைசித் தெருக்குழாய் முதல் கன்னியம்மா வீடு வரை நூற்று எண்பது மீட்டர். வீடுகள் ஒன்பது. இடையில் ஓடைப் பாலம் ஒன்று; குழாய் அதன் அடியில் போகலாம்.’

இந்த மூன்று வரியை நான் எத்தனை முறை படித்திருப்பேன் தெரியாது. குறை கண்டுபிடிக்கத்தான் படித்தேன். கடைசியில் அந்தப் ‘போகலாம்’ என்ற சொல்லிலேயே வந்து நிற்பேன். தண்ணீர் அப்போதே பாலத்துக்கடியில் புகுந்துவிட்டது போலிருக்கும்.

மறு வருடம் குழாய் வந்தது. நடுவில் ஒரு சித்திரை போனது; அந்தச் சித்திரை என் கணக்கு. தண்ணீர் திறந்த அன்று முதல் குடத்தைக் கன்னியம்மா தேவகியின் இடுப்பில்தான் ஏற்றினார். புடவையெல்லாம் நனைந்து தேவகி சிரித்தார். நான் கூட்டத்தின் பின்வரிசையில். அந்தக் குழாய்க்கு ‘தேவகியம்மா கொழா’ என்று பெயர் விழுந்தது. பிற்பாடு வந்த என் புத்தகம் எதையும் யாரும் என் பெயரோடு சேர்த்து இடுப்பில் தூக்கிப் போனதில்லை.

சென்ற வாரம் ரசீதில் பெயர் திருத்தி முடிந்ததும் ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். கன்னியம்மா இறந்து வருடங்களாகின்றன. தேவகி மாறுதலாகி எங்கோ இருக்கிறார். ஒரு பெண் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இங்க தேவகியம்மா கொழான்னு ஒண்ணு இருந்துச்சே?”

“எந்த தேவகி? தெர்ல சார். வூட்டுக்கு வூடு கொழா கீதே, இன்னாத்துக்குத் தேடிக்கினு கீறே? தண்ணி வோணுமா?”

மறந்துவிட்டார்கள். உள்ளுக்குள் அற்பமாய் ஒரு சந்தோஷம் துள்ளியது, ஒளிப்பானேன். அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிப்பதற்குள் அந்தச் சந்தோஷமும் போய்விட்டது. தெருக்குழாய் இல்லை, குடத்து வரிசை இல்லை, வாய்க்குள் எண்ணிக்கொண்டு நடக்கிற யாரும் இல்லை. கைபேசியில் புள்ளி வைத்து அளந்துவிடுகிறார்கள். தண்ணீர் மட்டும் பாலத்துக்கடியில் போய்க்கொண்டிருக்கிறது. இவ்வளவு சுத்தமாக மறக்கப்பட என்ன எழுத வேண்டும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.