தலைமாட்டில் தொங்கிய நூல்

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. முந்தின நாள் உடுப்போடு தாரிங்கா சமையலறை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் இறந்துவிட்டார், மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது, வெகுநாளாக ஏறிக்கிடந்த இரத்த அழுத்தம்தான் காரணம், வலி தெரிந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு எழுந்துபோய் வீட்டு ஜன்னல்களையெல்லாம் சாத்தினாள்.

பான்சேவோ நகரில் குறுக்குக்காற்று என்றால் அடுக்குமாடி முழுக்கப் பயப்படும். எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்து நடுவே ஒருவர் படுத்திருந்தால் கழுத்துப் பிடிப்பிலிருந்து பக்கவாதம் வரை எதுவும் வரும் என்பார்கள். வெக்கை தாளாமல் முந்தின நாள் மதியம் ஜன்னல்களைத் திறந்தவள் தாரிங்கா. உள்ளறையில் அவள் கணவர் வித்தோமிர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பப் போனபோது அவருக்கு வாய் கோணியிருந்தது.

வித்தோமிர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். லிஃப்ட் நடுவழியில் நின்றால் குடியிருப்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்ப்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. இடி இடித்தால் பால் திரியும் என்று அவருடைய அக்கா நதேஷ்தா சாதித்ததற்காக, ஒரு கோடை முழுக்க இடி இடித்த நாளிலும் இடிக்காத நாளிலும் ஒரு கோப்பைப் பாலை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். புழுக்கம் அதிகமான நாளிலெல்லாம் பால் திரிந்தது; இடியை அது கண்டுகொள்ளவில்லை. பீன்ஸ் குழம்பு மறுநாள்தான் ருசி என்று அவரே அடித்துச் சொல்லிவந்தார். ஒரு ஞாயிறு விருந்தில் புதியதையும் பழையதையும், கிண்ணத்துக்கு அடியில் குறிபோட்டு, தனக்கும் சேர்த்துப் பரிமாறச் சொன்னார். எது எதுவென்று தெரியாமல் மாட்டிக்கொண்டவர் அவர்தான். "முப்பது வருஷமா உளறிட்டு இருந்திருக்கேன்" என்று அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

குறுக்குக்காற்றை மட்டும் அவர் சோதிக்கவே இல்லை. ஜூலை மாதப் பேருந்தில்கூட எழுந்துபோய் ஜன்னலை மூடுவார். "இதையும் சோதிச்சுப் பாக்கிறதுதானே" என்று தாரிங்கா சீண்டினால், "உயிரோட விளையாட முடியுமா" என்பார். அதனால்தான் அவளுக்கு மனம் ஆறவில்லை. விழித்திருந்தால் அவர் திறக்க விட்டிருக்க மாட்டார். அவர் தூங்கட்டும் என்று காத்திருந்து திறந்தவள் அவள்.

மருத்துவர் சொன்னதை அக்கம்பக்கத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. தாரிங்காவும் அதை நம்பத் துணியவில்லை. காற்று புகாமல் ஜன்னல் விளிம்புகளில் ஒட்டுநாடா ஒட்டிவைத்தாள்.

வித்தோமிர் இறந்த நாற்பதாம் நாளுக்கு முன்தினம், மறுநாள் பிரார்த்தனையில் படைக்கும் கோதுமையைக் களைய நதேஷ்தா வந்திருந்தாள்.

"அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்று சமையல் ஏப்ரனால் விசிறிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கும் இப்படி மூடி வச்சிருந்தா என் தம்பி இருந்திருப்பான்."

தாரிங்கா கையைத் துடைத்துக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது ஒரு கேள்வி.

"அண்ணி, அன்னிக்கு மத்தியானம் நீங்க ஃபோன் பண்ணினீங்களே. நான் என்ன பேசினேன்?"

"என்னத்தப் பேசினே. மொதல்ல கிசுகிசுன்னு பேசினே. காது கேக்கல, சத்தமாப் பேசுடின்னேன். இருங்க, உள்ளறைக் கதவைச் சாத்திட்டு வரேன்னு போனே."

"அப்புறம்?"

"அப்புறம் சமையக்கட்டு ஜன்னலைத் திறந்தே. அந்தக் கிறீச்சுச் சத்தம் எனக்கே கேட்டுச்சு. திட்டினேன்ல."

அந்தக் கதவைத் தாரிங்கா மறந்தே போயிருந்தாள். உள்ளறை ஜன்னலை முதலில் திறந்தாள், அது நினைவிருந்தது. கதவைச் சாத்திய பிறகுதான் இந்தப் பக்க ஜன்னல். அவரை எழுப்பப் போகும்வரை கதவு திறக்கவே இல்லை.

அவள் எழுந்து நாடாவைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

"உனக்குப் பித்துப் பிடிச்சிருக்கா? நான் இன்னும் சாகத் தயாரா இல்லடி" என்றாள் நதேஷ்தா. ஆனாலும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

உள்ளறைக் கட்டிலில் அவருடைய தலையணைக்கு மேலே, விளக்கிலிருந்து ஒரு தையல் நூலைத் தாரிங்கா தொங்கவிட்டாள். இரண்டு ஜன்னலையும் திறந்தாள். உள்ளறைக் கதவைச் சாத்தினாள். நதேஷ்தா தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தாள். நூல் அசையவில்லை. புகை நேராக மேலே போனது.

பிறகு தாரிங்கா கதவைத் திறந்தாள். திரைச்சீலை பறந்தது, நூல் சுவர்ப்பக்கம் சாய்ந்தது, சாம்பல் தலையணை முழுக்கச் சிதறியது.

"மூடுடி, மூடு" என்று நதேஷ்தா துண்டை இறுக்கிக்கொண்டாள். கதவு சாத்தியதும் நூல் மெல்ல நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவ செய்" என்றாள்.

இன்னொரு தடவையும் அப்படியே நடந்தது.

"கதவு சாத்தியிருந்தா காத்து எங்கேர்ந்து வரும்" என்று நதேஷ்தா தனக்கே சொல்வதுபோல் சொன்னாள். சிகரெட்டை அணைத்தாள். "ஜன்னலால இல்லன்னா, என் ஃபோன் சத்தத்துல திடுக்கிட்டு எழுந்திருச்சுத்தான் அவனுக்கு…"

இத்தனை நாளும் இவள் எதைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள் என்பது தாரிங்காவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"கதவைச் சாத்தப் போனப்போ குறட்டை விட்டுட்டு இருந்தார், அண்ணி. நீங்க அடிச்சது அவருக்குக் கேக்கவே இல்ல."

"நிஜமாவா?"

"லிஃப்ட் மோட்டார் மாதிரி."

நதேஷ்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று தாரிங்கா கேட்கவில்லை. அவளுக்கும் அதே நிலைதான்.

குறுக்குக்காற்று ஆளைக் கொல்லுமா என்பது அன்றைக்கும் தெரியவில்லை. அவர் தலைமாட்டுக்கு அது வரவே இல்லை என்பது மட்டும் தெரிந்தது. மருத்துவர் சொன்னதைத் தாரிங்கா முதல் தடவையாக முழுசாக நினைத்துப் பார்த்தாள். வலி தெரிந்திருக்காது என்றும் அவர் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் ஜன்னல்கள் திறந்தே இருந்தன. நதேஷ்தா கழுத்துத் துண்டோடு சோபாவில் தூங்கிப்போனாள். நாடா விட்டுப்போன பசையைத் தாரிங்கா ஒரு கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் உட்காரலாம் என்று கட்டிலில் உட்கார்ந்தவள், அப்படியே படுத்து, விடியும்வரை தூங்கினாள்.

உள்ளறை ஜன்னலின் மேல்பாதியில் அந்தப் பசை இன்னும் சுரண்டப்படாமல் இருக்கிறது.