தாடிக்காரர்களுக்கு முதல் இடம்

டேப்ரிக்கார்டர் பட்டனை அழுத்தியதும் பாட்டு வந்துவிடாது. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல முதலில் ஓர் இரைச்சல் வரும், அதற்கே எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். எழுபதுகளின் கடைசியில் மரக்காணத்தில் ஒன்பதாம் வகுப்பு படித்த எனக்கும், அத்தை வீட்டில் தங்கி என்னோடு படித்த கோட்டக்குப்பம் காசிமுக்கும், இங்கிலாந்தைச் சேர்ந்த நால்வர் ராக் குழு ஒன்றுதான் உலகம். அவர்கள் பெயர் தெருவில் யார் வாயிலும் நுழையாததால், கேசட் அட்டையில் இருந்த தாடி முகங்களைப் பார்த்து "தாடிக்காரங்க" என்றே ஆகிவிட்டது.

துபாயிலிருந்து காசிமின் அண்ணன் கொண்டுவந்த மூன்று ஆல்பங்களையும் தரம் பிரித்து வைத்திருந்தோம். டிரம்ஸ் இடைவிடாமல் அதிரும் மஞ்சள் அட்டைக்கு முதல் இடம். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டாக நீளும் கறுப்பு அட்டைக்கு இரண்டாவது. மெதுவான பாட்டுகள் நிறைந்ததற்கு, "இதுதான்டா காதுக்கு நல்லா இருக்குது" என்று காசிமின் அத்தை பாராட்டிய ஒரே குற்றத்துக்காக, கடைசி இடம்.

அடுத்த விடுமுறைக்கு வந்த அண்ணனிடம் ஓர் அபூர்வம் இருந்தது: எந்தக் கடையிலும் கிடைக்காத மேடைக் கச்சேரிப் பதிவு. பாடகர் நடுவில் வரி மறந்து சிரித்துவிடுவாராம்! துபாய்க்குத் திரும்பும் நாளில், அத்தை வீட்டிலிருந்து கிளம்ப வந்தபோதுதான் அதை எங்கள் கையில் கொடுத்தார்.

"சாயங்கால பஸ்ஸுக்குள்ள குடுத்துடணும்பா. இது என்னோடது இல்ல."

அன்றெல்லாம் நகலெடுப்பது என்றால், இரண்டு டேப்ரிக்கார்டர்களை எதிரெதிரே வைத்து, ஒன்று பாட மற்றது பதிய, நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது. வழியனுப்ப வந்தவர்களால் வீடு சந்தையாக இருந்ததால், பேட்டரியில் ஓடும் அத்தை வீட்டுப் பாட்டுப்பெட்டியையும் அண்ணனுடையதையும் தூக்கிக்கொண்டு, என் சித்தப்பா மேஸ்திரியாக இருந்த உப்பளத்தின் கொட்டகைக்கு ஓடினோம். விடியலிலேயே உப்பு வாரிவிட்டு எல்லோரும் போய்விடுவதால் உச்சிவெயிலில் அங்கே காக்கைகூட இருக்காது. உப்புக் குவியல்களை மூட அடுக்கியிருந்த பனையோலை எதிரொலியையும் வாங்கிக்கொள்ளும். இவ்வளவும் யோசித்த நாங்கள் வானத்தைப் பார்க்கவில்லை.

பாடகர் வரி மறந்து சிரித்த அதே நொடியில் உப்பு வாரும் முனியம்மா அக்கா உள்ளே பாய்ந்தார்.

"டேய், மழ வருதுடா! எவனோ தொண்ட கிழியக் கத்துறான், அத உக்காந்து கேக்குறீங்க! ஓலைய எடுங்கடா!"

பின்னாலேயே ஆட்கள் ஓடிவந்தார்கள். நனைந்தால் பல வார உழைப்பு கரைந்துவிடும் என்பது அந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. டேப்பை நிறுத்தவும் தோன்றாமல் நாங்களும் ஓலையைத் தலையில் சுமந்து ஓடினோம்.

உப்பு தப்பியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அசலை அண்ணனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பயந்துகொண்டே நகலைப் போட்டோம். சிரிப்பு, அதன்மேல் அக்காவின் அதட்டல், ஓடும் கால்கள், பிறகு டிரம்ஸோடு சேர்ந்து கூரையில் இறங்கிய மழை.

"போச்சுடா" என்றேன். காசிம் மறுபடி ஓடவிட்டான். திடீரென்று என் முதுகில் ஓங்கி அறைந்தான்.

"டேய், இந்தக் கேசட்டு அந்தத் தாடிக்காரனுங்ககிட்டயே இல்லடா! இதுக்கு ஃபர்ஸ்ட் குடு!"

மஞ்சள் அட்டை இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. முனியம்மா அக்காவுக்குப் போட்டுக் காட்டியபோது, "நானா இது? அவனவிட நல்லாதான் இருக்குது" என்றார்.

அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அகலமான சாலை; உப்புக்காற்று பட்டுக் கேசட்டின் நாடா ஒட்டிப்போய் வெகுகாலமாகிறது. கச்சேரியோ கைபேசியிலேயே கிடைக்கிறது. ஷார்ஜாவில் இருக்கும் காசிம் சென்ற மாதம் அந்தச் சுத்தமான பதிவை அனுப்பி, "எந்த இடம் குடுக்கலாம்?" என்று கேட்டிருந்தான். முழுவதையும் இரண்டு முறை கேட்டுவிட்டுப் பதில் எழுதினேன்.

"நல்லாதான் இருக்குது. நாலாவது."