சுறா எண்ணெய் பூசிய கார்

தலைமன்னாரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் மேரி ரோஸ் அக்கா வாகனம் கழுவுகிறார். வேலியோரம் ஒரு தகரத்தில் ‘பிரசர் வோஷ்’ என்று சிவப்பு மையால் எழுதி அவர் நாட்டிய வாரத்திலேயே, முன்வீட்டு அமிர்தநாயகம் ஐயா வந்து கதிரையில் அமர்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

“எனக்குப் பிரசர் கூடவோ குறையவோ எண்டு பாத்துச் சொல்லு, பிள்ளை.”

“ஐயா, இது காருக்கு அடிக்கிற பிரசர்.”

“காருக்கும் அந்த வருத்தம் வந்திட்டுதோ?” என்று கேட்டுவிட்டு அவர் எழும்பிப் போனார்.

அக்காவின் குடும்பம் 2010இல் இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தது. கணவர் பஸ்ரியன் ஒரு வருடம் கடலுக்குப் போனார். படகு எஞ்சினைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அவரால் இருந்த இடத்தில் கிழிந்த வலை பொத்த மட்டுமே முடிந்தது. அக்கா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார். மூன்றரை வருடம் கழித்து அவர் வந்து வாசல் படலையைத் திறந்தபோது, எட்டு வயது மகள் தர்ஷிகா “வாங்கோ” என்று சொல்லி, விருந்தாளிகளுக்குப் போடும் கதிரையை இழுத்துப் போட்டாளாம். இதை அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

குவைத் வீட்டில் மூன்று கார்கள் நின்றன. சமைப்பதைவிட அவற்றைக் கழுவுவதுதான் அக்காவுக்குப் பிடித்திருந்தது. அந்த நேரமாவது வெளியே நிற்கலாம். ஊருக்கு வந்த பிறகு, மீள்குடியேறியவர்களுக்கு உதவி கொடுக்கும் ஒரு நிறுவனம் கோழி, ஆடு, தையல் மெசின் என்ற மூன்றில் ஒன்றைக் கேட்கச் சொன்னது. அக்கா மூன்றையும் வெட்டிவிட்டு நாலாவதாக ஒன்றைக் கேட்டார். படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுத்தவள் நான். தண்ணீர் அடிக்கும் அந்தப் பிரசர் மெசின் வந்து சேர எட்டு மாதம் எடுத்தது. அதனோடு வந்த புத்தகத்தை நான் வாசித்து வாசித்துச் சொல்ல, அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“டயருக்குக் கிட்டப் பிடிக்கக் கூடாதாம், அக்கா.”

“தெரியும். அந்தக் குவைத் வீட்டுப் பெரிய மகன்ர கார் டயரில நான் ஒரு கோடு போட்டனான். அவங்களுக்கு இன்னும் தெரியாது.”

வேலை செய்யும்போது அவர் அதிகம் கதைப்பதில்லை. காலையில் முதல் வேலையாக மின்சாரம் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்ப்பார். விழாவிட்டால் அன்று மெசினைத் தொடமாட்டார். எந்த வெயிலிலும் முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. “இந்தத் தண்ணி தோலை வெட்டும், பிள்ளை” என்பார். கிணற்றில் உப்புக் கூடினதோ என்று அறிய, உள்ளங்கையில் கொஞ்சம் சவர்க்காரம் தேய்த்து நுரை பார்ப்பார். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பி மணலை அள்ளி வீசத் தொடங்குவதற்கு முன் கழுவி முடிப்பார். எங்கள் தீவில் வாகனத்தின் மேல் படிவது வெறும் தூசி அல்ல, உப்பும் மணலும் சேர்ந்த ஒரு படை. அதைத் துணியால் துடைத்தால் நிறத்தில் கீறல் விழும். அதனால் ஒரு முழம் தள்ளிப் பிடித்து, விசிறி போலத் தண்ணீர் விரியும் முனையால் கூரையிலிருந்து கீழே இறக்குவார். அதற்குப் பிறகுதான் கை காரில் படும்.

ஒரு வருடம் ஓட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்தன. குடும்பத்துக்கு அது போதவில்லை. போன ஆவணி மாதம், அக்காவின் பாஸ்போட்டைத் தன்னிடமே வைத்திருந்த ஏஜென்சிக்காரர் போன் எடுத்தார். அதே குவைத் வீட்டில் அக்காவைத் திரும்பக் கேட்கிறார்கள், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். அதே வாரம்தான் பிலிப்பு சம்மாட்டியாரும் வந்தார். பல படகுகளுக்குச் சொந்தக்காரர். கொழும்புக்கு மீன் கொண்டுபோகும் மூன்று கூலர் வான்களும் அவருடையவை.

“சனிக்கிழமை என்ர தங்கச்சின்ர மகளுக்குக் கலியாணம். பொம்பிளையை ஏத்திற காரைக் கழுவித் தா. திருத்தியா இருந்தா மூண்டு வானும் கிழமைக்குக் கிழமை உன்னட்டைத்தான்.”

அவர் போன பிறகு அக்கா என்னிடம், “அந்த மூண்டும் வந்தா நான் போகத் தேவையில்லை” என்றார். வலை பொத்திக்கொண்டிருந்த பஸ்ரியன் அண்ணை தலை நிமிரவில்லை.

சனிக்கிழமை காலையில் வரவேண்டிய கார் பன்னிரண்டு மணிக்கு வந்தது. மூன்று மணிக்கு மாதா கோயிலில் கலியாணப் பூசை. பிலிப்பர் வெள்ளை வேட்டியோடு வந்து, வேப்பமரத்தடியில் கதிரை போட்டு அமர்ந்தார். காற்றுக்கு மறைப்பாகப் படங்கு ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டு அக்கா தொடங்கினார். மேற்பக்கம் ஒரு மணித்தியாலத்தில் பளபளத்தது. நீண்ட குழாயை மாட்டிக் காரின் அடிப்பக்கத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர் அடித்தபோது மண்ணிறமாக ஏதோ கரைந்து வழிந்தது. ஒரு நாற்றம் எழும்பி எங்கள் குசினி அடுப்படிவரை வந்தது. அக்கா மெசினை நிறுத்தினார்.

“சம்மாட்டியார், கீழ என்ன பூசினீங்கள்?”

“சுறா எண்ணெய். வள்ளத்துக்குப் பூசினா இருவது வருசம் உக்காமல் நிக்குது. காரில பிடிக்கிற உப்பு மட்டும் வேற உப்போ?”

அக்கா குந்தியிருந்து நான்கு டயர்ச் சில்லுகளையும் பார்த்தார். ஈரத்தில் எண்ணெய் நிறம் நிறமாக மின்னியது. குவைத்தில் முற்றத்துக்குள் காரை முன்பின் அரக்கி விடும் அளவுக்கு அவர் ஓட்டப் பழகியிருந்தார். ஏறி இருந்து, திறப்பைத் திருகி, படலைப் பக்கம் மெதுவாக ஓட்டிப் பிரேக்கை அழுத்தினார். கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பனைமட்டை வேலியில் முட்டியது.

“தண்ணி பட்டது. காய்ஞ்சாச் சரியாகும்” என்றார் பிலிப்பர்.

“தண்ணியெண்டாச் சரியாகும்” என்று சொல்லி, அக்கா காரை வளவுக்குள் முன்னும் பின்னுமாகப் பத்துத் தடவை ஓட்டி, பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்திப் பார்த்தார். பத்தாவது தடவையும் கார் இழுத்தது. இறங்கி, சில்லின் இடைவெளிக்குள் விரலை விட்டுத் தடவி மோந்து பார்த்தார்.

“பிரேக்கில எண்ணெய் ஏறிட்டுது. நான் அடிச்ச தண்ணிதான் கரைச்சுக் கொண்டுவந்து விட்டது. சில்லைக் கழட்டித்தான் பாக்கோணும்.”

“ரெண்டரை மணியாகுது, ரோஸ். திறப்பைத் தா.”

“தரேலாது.”

“ஆற்ற கார் இது?”

“உங்கட கார்தான். பொம்பிளை ஏறப் போறா. பிரேக் இல்லை.”

“கோயிலுக்கு ரெண்டு கட்டை தூரம்தான். நான் மெதுவாப் போவன்.”

“நீங்கள் மெதுவாப் போவியள். றோட்டுக்கு வாற கழுதை சொல்லிப்போட்டோ வரும்?”

பிலிப்பர் எழும்பி நின்றார். “அப்ப வான் மூண்டையும் மறந்திடு” என்றார்.

“சரி” என்று சொன்ன அக்கா, திறப்பைச் சப்பாத்துக்குள் போட்டார்.

அன்று நான் கோயிலில் நின்றேன். மணப்பெண் கூலர் வானின் முன் இருக்கையில், சாரதி சாந்தரூபனுக்குப் பக்கத்தில் வந்து இறங்கினாள். யன்னல் இரண்டும் திறந்திருந்தன. முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள். “ஐஸ் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாங்கள், பொம்பிளை பழுதாகாது” என்று யாரோ சொல்ல, வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிலிப்பர் மட்டும் சிரிக்கவில்லை.

பின்னேரம் மெக்கானிக் யோசேப் வந்து காரின் சில்லுகளைக் கழற்றிப் புதுப் பிரேக் கட்டைகள் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிலிப்பர் வந்தபோது, கழற்றி வைத்திருந்த பழைய பிரேக் கட்டை ஒன்றை யோசேப் எடுத்து அவர் கையில் கொடுத்தார். பிலிப்பர் அதை மோந்தார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போனார். அக்காவின் பக்கம் திரும்பவேயில்லை.

அன்று பின்னேரம் அக்கா அலுமாரிக்கு மேலிருந்த பயணப் பையை இறக்கித் தூசி தட்டினார். தர்ஷிகா கதவடியில் நின்று பார்த்தாள்.

“இந்த முறை எத்தினை வருசம் அம்மா?”

“நான் இன்னும் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை.”

“அப்ப ஏன் தட்டுறீங்கள்?”

அக்கா பையை இறுக்கி மூடிவிட்டு, அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் படலையில் ஹோர்ன் கேட்டது. சாந்தரூபன் ஒரு கூலர் வானைக் கொண்டுவந்திருந்தான்.

“முதலாளி என்ன சொன்னவர்?” என்று அக்கா கேட்டார்.

“ஒண்டும் சொல்லேல்லை. கொண்டுபோய் ரோஸிட்டை விடு எண்டவர். மற்ற ரெண்டும் நாளைக்கும் நாளையிண்டைக்கும் வரும்.”

அக்கா குனிந்து வானின் அடியைப் பார்த்தார். “இதுக்குமோ?”

“மூண்டுக்கும்தான், அக்கா. ஒரே நாளில பூசினது. நான்தான் பிரஷ் பிடிச்சனான். மூண்டு நாள் பூனையள் மணம் பிடிச்சு என்னைக் கலைச்சுக்கொண்டு திரிஞ்சதுகள்.”

அக்கா வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு, “யோசேப்பைக் கூட்டிக்கொண்டு வா. சில்லு நாலையும் கழட்டி, பிரேக்கைப் பொலித்தீனால சுத்திக் கட்டினாப் பிறகுதான் தண்ணி” என்று சொல்லிக் கையுறையை மாட்டினார்.

யோசேப் இரண்டாவது சில்லைக் கழற்றும்போது அக்காவின் போன் அடித்தது. கையுறையில் கிறீஸ் பட்டிருந்ததால் நான்தான் போனை அவர் காதில் பிடித்தேன். ஏஜென்சிக்காரர் நீளமாகக் கதைப்பது எனக்கும் கேட்டது. அக்கா, வானின் அடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இல்லை, நான் வரேல்லை” என்றார். “ஓம், யோசிச்சுத்தான் சொல்லுறன். என்ர பாஸ்போட்டைத் தபாலில அனுப்பிவிடுங்கோ. இப்ப கதைக்கேலாது, வேலை கிடக்கு.”